வலுதூக்கும் மேடையில் செவியின் பங்கு

வலுதூக்கும் போட்டி அரங்கின் பின்புறத்தில் ஒரு காட்சி வழக்கமாகிவிட்டது. மேடையேறவிருக்கும் மாணவனின் முதுகில் தோழர்கள் ஓங்கி அறைகின்றனர். மூக்கருகே அம்மோனியாக் குப்பி நீட்டப்படுகிறது. அவன் உரக்கக் கத்தியபடி கம்பியை நோக்கிப் பாய்கிறான். மன ஒருமைக்கு இதுவே வழி எனப் பயிற்றுநர் பலரும் நம்புகின்றனர். போட்டியின் விதிகளை ஒருமுறை படித்துப் பார்த்தாலே அந்நம்பிக்கை ஆட்டங்காணும்.

பெஞ்ச் பிரஸ்ஸில் தலைமை நடுவர் ‘ஸ்டார்ட்’ என்ற பின்னரே கம்பியை இறக்கலாம். அது மார்பின்மீது அசைவற்று நின்ற பிறகு ‘பிரஸ்’ என்ற கட்டளை வரும். உயர்த்திக் கைகளை முழுதும் நீட்டி நிறுத்திய பின் ‘ரேக்’. இவற்றுள் ஏதேனும் ஒன்றை அரை நொடி முந்தினாலும் போதும், எடை முழுமையாக உயர்ந்திருந்தும் முயற்சி செல்லாது. ஆண்டு முழுதும் வளர்த்த தசை தன் வேலையைச் செய்துவிட்டது, செவி செய்யவில்லை. நடுவர் மூவருள் இருவரின் சிவப்பு விளக்கு அதை அறிவிக்கிறது. டெட்லிஃப்டின் நிலை வேறு. அதைத் தொடங்கக் கட்டளையே கிடையாது. முடிவில் ‘டவுன்’ மட்டும் உண்டு. சீற்றத்துக்குச் சற்றே இடமளிப்பது அந்த ஒன்றுதான். ஆனால் முதலில் வரும் ஸ்குவாட்டிலேயே சீற்றம் அனைத்தையும் செலவிட்டவனுக்கு, இறுதியில் வரும் டெட்லிஃப்டுக்கு என்ன மிஞ்சும்?

உளவியல் மாணவர் அனைவரும் அறிந்த யெர்க்ஸ்–டாட்சன் ஆய்வு 1908-இல் வெளிவந்தது. சுண்டெலிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துச் செய்யப்பட்ட அவ்வாய்வில், வேறுபடுத்தி அறிய வேண்டிய பணி கடினமாக ஆக, கற்றலுக்கு உகந்த அதிர்ச்சியின் அளவு குறைந்தது. பயிற்சிப் பட்டறைகளில் கவிழ்த்த ‘யு’ வடிவத்தை வரைந்து காட்டுவோர் இப்பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். எலியிலிருந்து வீரனுக்கு நேர்க்கோடு இழுக்க இயலாதுதான். எனினும், கட்டளைக்குக் காத்திருக்க வேண்டிய தூக்குக்கும் காத்திராத தூக்குக்கும் ஒரே அளவு கிளர்ச்சியைப் பரிந்துரைப்பது எந்த ஆய்வின் அடிப்படையிலும் நியாயமாகாது.

கவனத்தைக் குலைக்கும் இன்னொன்று எண். ஒரு முயற்சி முடிந்த ஒரு நிமிடத்துக்குள் அடுத்த எடையைத் தெரிவித்தாக வேண்டும். தோற்ற எடைக்குக் கீழே இறங்க விதி இடந்தராது. ஒரு பிரிவின் மூன்று முயற்சிகளும் செல்லாமற்போனால் மொத்தக் கணக்கே இல்லை. உடன்பிறப்பு விளையாட்டான பளுதூக்குதலிலும் இதே கடுமை உண்டு. 2016 ரியோ ஒலிம்பிக்கில் மீராபாய் சானு ஸ்னாட்ச்சில் எடை தூக்கியிருந்தும், கிளீன் அண்ட் ஜெர்க்கின் மூன்று முயற்சிகளும் செல்லாததால் மொத்தக் கணக்கின்றி வெளியேறினார். அடுத்த ஆண்டே அவர் உலக வாகையர். ஆகவே அது வலிமைக் குறைவால் நேர்ந்ததெனக் கூறுவது கடினம். முதல் முயற்சிக்கு ஐயமின்றித் தூக்கக்கூடிய எடையையே எழுத வேண்டும் என்று மூத்த வீரர்கள் வற்புறுத்துவது இதனால்தான். முதல் வெள்ளை விளக்கு தரும் அமைதியை எந்த அம்மோனியாவும் தராது.

பல்கலைக்கழக அணிகளின் நிலையை இங்கே பேசியாக வேண்டும். பயணச்சீட்டு, தங்குமிடம், உணவு, எடை பார்த்தல் என அனைத்தையும் ஒரே மேலாளர் சுமக்கும் அணியில், மூச்சு வாங்கும் மாணவனே அடுத்த எடையைக் கணக்கிட்டு மேசைக்கு ஓடுகிறான். எதிராளி எவ்வளவு எழுதினான், தான் எவ்வளவு கூட்டுவது, தனக்கு முன் எத்தனை பேர் என்ற கூட்டல் கழித்தலுக்கு நடுவே ‘மனத்தை ஒருமுகப்படுத்து’ என்று அவனுக்கு அறிவுரை கூறுவது சற்றுக் கொடுமையானது. கணக்கைப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டு, நாற்காலியில் அமர்ந்து அடுத்த தூக்கின் கட்டளைகளை மட்டும் மனத்துள் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு அவனுக்கு வேண்டும். போட்டி அனுபவமுள்ள முன்னாள் மாணவர் ஒருவரை இதற்கென்றே அணியுடன் அனுப்புவதற்கு ஆகும் செலவு, ஒரு ரயில் பயணச்சீட்டும் சில நாள் சாப்பாடும்தான்.