எரர் வரலைன்னா எல்லாம் சரியா?

பொட்டி தட்டும் தம்பி தங்கைகள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவன். எனக்குத் தெரிந்த நிரல் எக்செல் மாக்ரோ மட்டும்தான். ஆனாலும் "இந்த நாலு வரியை ஒட்டிக்குங்க அங்கிள், எரரே வராது" என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது. காரணம் இருக்கிறது.

நாக்பூருக்கு மாற்றலாகி வந்த புதிதில், ஓய்வூதியர்களின் நிலுவைத் தொகைப் பட்டியல் ஒன்று தயாரிக்க வேண்டியிருந்தது. 400 பேருக்கு மேல். ஒவ்வொருவரின் கணக்கு எண்ணையும் இன்னொரு ஷீட்டில் தேடித் தொகையை எடுத்துப் போட ஒரு மாக்ரோ எழுதினேன். பாதியில் எரர் அடித்து நின்றுவிட்டது. எங்கள் காலனித் தமிழ்க் குடும்பத்துப் பையன் ஒருவன் புனேயில் வேலை பார்க்கிறான். போனில் கேட்டேன். "மேலே 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்'னு ஒரு வரி போடுங்க அங்கிள்" என்றான். போட்டேன். ஓடியது. பட்டியலும் போனது.

பத்து நாள் கழித்து ஒரு ஆஜி வந்தார் (இங்கே பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்). கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் கணக்குப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். வரவேண்டியது 18,310 ரூபாய், வந்தது 3,180. ஆஜியின் கணக்குதான் சரி.

நடந்தது இதுதான். அவர் கணக்கு எண்ணுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்பேஸ். வி-லுக்கப் தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்று எரர் கொடுத்தது. நான் ஒட்டிய வரியோ "கண்டுக்காதே, அடுத்த வரிக்குப் போ" என்றது. வேரியபிளில் முந்தின ஆளின் தொகை அப்படியே கிடந்தது. அதுவே ஆஜியின் பெயருக்கு நேராகப் போய் உட்கார்ந்துகொண்டது. முதலில் வந்த எரர் என்னைக் காப்பாற்ற வந்தது. நான் அதன் வாயைக் கட்டிவிட்டேன்.

"அந்த வரிக்கும் பயன் உண்டு சார்" என்பார்கள். உண்டு. எரர் வரலாம் என்று தெரிந்த ஒரே ஒரு வரிக்கு முன்னால் போட்டு, அடுத்த வரியிலேயே எர் டாட் நம்பரைப் பார்த்துவிட்டு, 'ஆன் எரர் கோடு ஜீரோ' என்று மூட வேண்டும். கொடுப்பவர் இந்தப் பின்பாதியைச் சொல்வதில்லை. வாங்குபவன் கேட்பதும் இல்லை.

இன்னொன்று. எக்செல் ஷீட்டில் ரவுண்ட் போட்டால் 2.5 என்பது 3. அதே ரவுண்டை மாக்ரோவுக்குள் போட்டால் 2. சரிபாதி வந்தால் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குப் போய்விடும். இதற்குப் பெயரே பேங்கர்ஸ் ரவுண்டிங். 20 வருஷம் பேங்கில் இருந்தும் எனக்குத் தெரியாது :-) எரர் வராது, கணக்கு மட்டும் இடிக்கும்.

வங்கியில் வவுச்சர் போடுபவர் ஒருவர், சரிபார்த்து அனுமதிப்பவர் இன்னொருவர். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இரண்டாவது கையெழுத்து இல்லாமல் பணம் நகராது. என் பட்டியலுக்கும் இரண்டு கையெழுத்து விழுந்தது. அதைத் தயாரித்த மாக்ரோவை யார் பார்த்தார்கள்? "நெட்ல இருந்துச்சு", "ஃப்ரெண்டு சொன்னான்", இப்போது "சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்துச்சு". மண்டபத்தில் வாங்கிய பாட்டோடு சபைக்குப் போன தருமி கதைதான். பாட்டில் குற்றம் என்றதும் திருதிருவென்று விழிக்கிறோம். எழுதிக் கொடுத்தவர் மேல் பழி போட முடியாது. ஒட்டியவன்தான் கையெழுத்துப் போட்டவன்.

சுட்டுப் போடவே கூடாது என்று சொல்லவில்லை. ஒட்டியபின் வேண்டுமென்றே ஒரு தப்பான கணக்கு எண்ணைக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். கத்தினால் நல்ல மாக்ரோ. கமுக்கமாக ஏதோ ஒரு தொகையைக் கொடுத்தால் தூக்கிக் குப்பையில் போடுங்கள்.

ஆஜிக்கு மீதி 15,130 ரூபாய் அடுத்த வாரமே போய்விட்டது. பட்டியல் முழுவதையும் கையால் சரிபார்த்தபோது இன்னும் 6 பேருக்கு இதே கதி என்று தெரிந்தது. அந்த 6 பேரும் வந்து கேட்கவே இல்லை. பேங்கில் போட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி இருந்துவிட்டார்கள்.