ஸ்பேஸ் பாரைத் தட்டாதீங்க!



இப்போதெல்லாம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்கூட கம்ப்யூட்டரில் ஸ்லைடு தயாரித்து, பள்ளிக் கண்காட்சியில் போட்டுக் காட்டுகிறார்கள். பார்க்கப் பெருமையாக இருக்கிறது. ஆனாலும், ஒரு விஷயத்தைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

வீட்டில் அழகாக இருந்த ஸ்லைடு, பள்ளிக் கம்ப்யூட்டரில் போட்டதும் கோணல்மாணலாகி விடுகிறது. உடனே, டைப் செய்த பிள்ளையின் மேல் குழுவே பாய்கிறது. அந்தப் பிள்ளையோ, "கம்ப்யூட்டர்தான் கெடுத்துவிட்டது" என்று கண்ணைக் கசக்குகிறது. இரண்டுமே தவறு. காரணம் என்ன என்று தேடுவதுதான் படிக்கிற பிள்ளைக்கு அழகு.

பெரும்பாலும் காரணம், ஸ்பேஸ் பார்தான்!

ஆறுகளைப் பற்றி ஒரு ஸ்லைடு செய்கிறீர்கள். இடது பக்கம் காவிரி, பாலாறு, தாமிரபரணி. வலது பக்கம் அவை பிறக்கும் தலைக்காவிரி, நந்தி மலை, பொதிகை மலை. வலது பக்கப் பெயர்களை நேராக நிறுத்த, ஸ்பேஸ் பாரை எட்டு முறை, பத்து முறை தட்டுகிறீர்கள். ஆனால், "ண" அகலமான எழுத்து. "ர" ஒல்லியான எழுத்து. இன்னொரு கம்ப்யூட்டரில் உங்கள் பான்ட் இல்லாவிட்டால், அது வேறு பான்ட்டைப் போட்டுக்கொள்ளும். அகலம் மாறிவிடும். எண்ணித் தட்டிய இடைவெளி எல்லாம் வீண்!

பழைய ஆங்கில டைப்ரைட்டர்களில் பெரும்பாலும் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். எண்ணித் தட்டினால் சரியாக வரும். அதில்கூட, அட்டவணை அடிப்பதற்கென்றே "டேப்" கீ இருந்தது. அதே கீதான் உங்கள் கீபோர்டின் இடது ஓரத்திலும் இருக்கிறது. ரூலரில் இடம் குறித்துவிட்டு டேப்பைத் தட்டினால், எழுத்து அந்த இடத்தில் போய் நிற்கும். அதைவிட நல்லது, இரண்டு கட்டம் உள்ள டேபிள் போடுவது.

அடுத்த சந்தேகம், "சென்டர் பட்டனை அழுத்தியும் தலைப்பு நடுவில் வரவில்லையே?" என்பது. தட்டின் நடுவில் இட்லியை வைத்துவிட்டு, தட்டை மேஜை ஓரத்தில் வைத்தால், இட்லி மேஜையின் நடுவில் இருக்குமா? பட்டன், எழுத்தைப் பெட்டிக்குள்தான் நடுவில் வைக்கும். பெட்டியைத் தேர்ந்தெடுத்து, "அலைன்" பகுதிக்குப் போய், அதையும் ஸ்லைடின் நடுவில் நிறுத்துங்கள்.

கன்ட்ரோலுடன் "எல்" அழுத்தினால் இடது, "ஈ" நடு, "ஆர்" வலது, "ஜே" இருபுறமும் சமம். பவர்பாயின்ட், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ் இரண்டிலும் இதே கீகள்தான். தமிழுக்கு "ஜே" வேண்டாம். நம் சொற்கள் நீளமானவை. நடுவில் ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழும்.

"இது சின்ன விஷயம்தானே?" என்று நினைக்காதீர்கள். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத பிள்ளைக்குப் பள்ளியில் கிடைப்பது அரை மணி நேரம். அதில் பாதியை ஸ்பேஸ் பார் தின்றுவிட்டால், ஆற்றைப் பற்றி அது எப்போது யோசிக்கும்? எப்போது எழுதும்? அதனால், தெரிந்த பிள்ளைகள் தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். கேலி செய்யாதீர்கள். பறந்து வரும் எழுத்துக்கும் பளபளக்கும் கலருக்கும் மார்க் போடும் ஆசிரியர்களும், முதலில் இதைக் கற்றுத் தர வேண்டும் என்பதே என் கருத்து.

ஸ்லைடை முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். எல்லா எழுத்துக்கும் பான்ட்டை ஒருமுறை மாற்றிப் பாருங்கள். வரிசை கலையவில்லையா? நீங்கள் கெட்டிக்காரர். கலைந்துவிட்டதா? கன்ட்ரோலுடன் "இசட்" அழுத்திப் பழையபடி கொண்டுவந்து, ஸ்பேஸ் தட்டிய இடங்களைத் தேடித் திருத்துங்கள். கண்காட்சி அன்று அழுவதைவிட, முதல் நாளே திருத்துவது மேல் அல்லவா?