சிறிய ட்ரோனும் பெரிய ட்ரோனும்: படத்தின் தரத்தை எதைக் கொண்டு மதிப்பிடுவது?

வானிலிருந்து நிலத்தைப் படமெடுப்பது ஒரு காலத்தில் விமானப் படைக்கும் பெரிய நில அளவை நிலையங்களுக்கும் மட்டுமே உரிய வேலையாக இருந்தது. இன்று நிலைமை முற்றிலும் மாறிவிட்டது. பெங்களூரு நகரைச் சுற்றியுள்ள ஏரிகளிலும், கிராமக் குடியிருப்புகளிலும், பள்ளி மைதானங்களிலும் ட்ரோன் எனப்படும் ஆளில்லா விமானங்கள் பறப்பதைக் காண்கிறோம். ஆகவே, களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் ஒரு கேள்வியை அடிக்கடி எழுப்புகின்றனர். கைப்பைக்குள் அடங்கும் சிறிய ட்ரோனின் படம் போதுமா, அல்லது பெரிய ட்ரோனைத்தான் வாங்க வேண்டுமா என்பதே அக்கேள்வி.

இக்கேள்வி பாதிதான் சரியானது என்பது என் கருத்து. படத்தின் தரம் ட்ரோனின் எடையைப் பொறுத்ததன்று. அப்படம் எந்த வினாவுக்கு விடை கூற வேண்டும் என்பதையும், அதை எவ்வளவு கவனத்துடன் எடுத்தோம் என்பதையும் பொறுத்தது. இது வெறும் சாதன விவாதமன்று என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். 2020-ம் ஆண்டு ஏப்ரல் 24-ம் தேதி தொடங்கப்பட்ட ஸ்வமித்வா திட்டத்தின்படி, கிராமக் குடியிருப்புகளை ட்ரோன் மூலம் படமெடுத்து வீட்டுக்கு உரிமை அட்டை வழங்கும் பணி நடைபெற்றது. இந்திய நில அளவைத் துறை தொழில்நுட்பப் பொறுப்பை ஏற்ற இத்திட்டத்தின் முதற்கட்ட மாநிலங்களுள் கர்நாடகமும் ஒன்று. இங்கே படத்தில் காணும் ஒரு கோடு, நாளை ஒரு குடும்பத்தின் மதிற்சுவராக மாறுகிறது. படத்தில் பிழை நேர்ந்தால், அதன் விலையைச் செலுத்துபவர் படமெடுத்தவர் அல்லர், அந்த வீட்டுக்காரரே.

கண்ணின் பரப்பு

காமிராவின் கண் லென்ஸ் என்றால், அதன் விழித்திரை சென்சார் எனப்படும் ஒளியுணர் தகடு. மிகச் சிறிய ட்ரோன்கள் பலவற்றில் இத்தகடு ஏறத்தாழ 6.2 மில்லிமீட்டர் நீளமும் 4.6 மில்லிமீட்டர் அகலமும் உடையது. பரப்பு சுமார் 28 சதுர மில்லிமீட்டர். அடுத்த படியிலுள்ள பெரிய ட்ரோன்களில் ‘ஓர் அங்குலத் தகடு’ என்று வழங்கும் தகடு 13.2 மில்லிமீட்டர் நீளமும் 8.8 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. பரப்பு சுமார் 116 சதுர மில்லிமீட்டர். அதாவது நான்கு மடங்குக்குச் சற்று அதிகம். பெயரில் ஓர் அங்குலம் இருந்தாலும், தகட்டின் எந்தப் பக்கமும் ஓர் அங்குலம் இல்லை. இப்பெயர் பழைய தொலைக்காட்சிக் காமிராக் குழாய்களின் அளவு முறையிலிருந்து வந்தது. விளம்பரத்தில் உள்ள பெயரை அளவாக எடுத்துக்கொள்ளலாகாது என்பதற்கு இதுவே நல்ல சான்று.

நான்கு மடங்கு பரப்பு என்றால், படமும் நான்கு மடங்கு நுட்பமாக இருக்குமா? இருக்காது. கணக்கிட்டுப் பார்ப்போம். படத்தின் ஒரு பிக்சல் தரையில் எவ்வளவு இடத்தைக் குறிக்கிறது என்பதை அறிய, பறக்கும் உயரத்தைப் பிக்சலின் அளவால் பெருக்கி, லென்ஸின் குவிய தூரத்தால் வகுக்க வேண்டும். 12 மெகாபிக்சல் கொண்ட சிறிய காமிராவில் பிக்சலின் அளவு சுமார் 1.54 மைக்ரான், குவிய தூரம் சுமார் 4.5 மில்லிமீட்டர். 100 மீட்டர் உயரத்தில் ஒரு பிக்சல் தரையில் ஏறக்குறைய 3.4 சென்டிமீட்டரைக் காட்டும். 20 மெகாபிக்சல் கொண்ட ஓர் அங்குலத் தகட்டில் பிக்சலின் அளவு 2.41 மைக்ரான், குவிய தூரம் 8.8 மில்லிமீட்டர். அதே உயரத்தில் ஒரு பிக்சல் சுமார் 2.7 சென்டிமீட்டரைக் காட்டும்.

வேறுபாடு ஏழு மில்லிமீட்டர் அளவே. சிறிய ட்ரோனை 80 மீட்டருக்கு இறக்கினால் அதுவும் மறைந்துவிடுகிறது. 2019-ம் ஆண்டில் நம் நாடு செலுத்திய கார்ட்டோசாட்-3 செயற்கைக்கோளின் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு பிக்சல் 25 சென்டிமீட்டரைக் குறிக்குமாறு அமைக்கப்பட்டது. அதனோடு ஒப்பிடும்போது இவ்விரு ட்ரோன்களும் ஏறக்குறைய ஒரே வரிசையில் நிற்பவையே. ஆனால் தாழப் பறப்பதற்கும் ஒரு விலை உண்டு. பெரிய ட்ரோன் 100 மீட்டரில் ஒரே படத்தில் 150 மீட்டருக்கு 100 மீட்டர் நிலத்தை அடக்குகிறது. சிறியது 80 மீட்டரில் அதில் ஐந்தில் மூன்று பங்கு நிலத்தையே அடக்கும். படங்களின் எண்ணிக்கையும் மின்கலச் செலவும் அதற்கேற்பப் பெருகும்.

ஒளியும் அசைவும்

அப்படியானால் பெரிய தகட்டுக்கு மதிப்பே இல்லையா? உண்டு, அது வேறோரிடத்தில் இருக்கிறது. மேற்கூறிய பெரிய தகட்டின் ஒவ்வொரு பிக்சலும், சிறியதன் பிக்சலைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு பரப்பு உடையது. லென்ஸின் துவார எண் இரண்டிலும் ஒன்றாக இருந்தால், அது இரண்டரை மடங்கு ஒளியைப் பெறுகிறது. நண்பகல் வெயிலில் இவ்வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது. மேகம் மூடிய தென்மேற்குப் பருவ மழைக் காலத்தில், மரநிழலிலும் இரண்டு வீடுகளுக்கு இடைப்பட்ட சந்திலும் அது உடனே தெரியும். சிறிய காமிராவின் படத்தில் நிழற்பகுதி மணல் தூவினாற்போல் இருக்கும். அதை மறைக்கக் காமிராவே செய்யும் மெருகில், மெல்லிய வேலிக்கம்பியும் கல்லின் விளிம்பும் சேர்ந்து அழிந்துபோகும். எல்லைக்கல் பெரும்பாலும் நிழலில்தான் இருக்கிறது என்பதைக் களப்பணியாளர்கள் அறிவார்கள்.

இரண்டாவது விஷயம் ஷட்டர். பல ட்ரோன் காமிராக்கள் தகட்டிலுள்ள படத்தை ஒரே கணத்தில் எடுக்காமல், மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கின்றன. முழுத் தகட்டையும் படிக்க ஒரு நொடியின் முப்பதில் ஒரு பங்கு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ட்ரோன் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் சென்றால், முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையே அது 33 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படம் பார்ப்பதற்குத் தெளிவாகவே இருக்கும். ஆனால் அதில் வீடுகளின் வடிவம் சற்றே கோணியிருக்கும். மங்கிய படத்தை நாம் ஐயுறுவோம், தெளிவான பிழையை நம்பிவிடுவோம். ஆகையால் இது அதிக ஆபத்தானது. எந்திர ஷட்டர் உள்ள காமிராவில் இக்குறை ஏற்படாது. எல்லாப் பெரிய ட்ரோன்களிலும் எந்திர ஷட்டர் இருப்பதில்லை. வாங்குமுன் விவரத்தாளைப் படித்து உறுதி செய்துகொள்ள வேண்டும். எந்திர ஷட்டர் இல்லாத ட்ரோனை ஒவ்வொரு படத்துக்கும் அந்தரத்தில் நிறுத்திப் படமெடுப்பதே முறை.

மூன்றாவது காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். 249 கிராம் ட்ரோன் எம்மாத்திரம்? பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி சென்னையில் உள்ளதைவிடக் குறைவாதலால், அதே எடையைத் தாங்கச் சுழலிகள் சற்று விரைவாகச் சுழல வேண்டும். காலை நேரத்தில், காற்று எழுமுன் வேலையை முடித்துக்கொள்ளும் பழக்கம் சிறிய ட்ரோனுக்கு மிகவும் நன்மை தரும்.

மெகாபிக்சல் எண்ணிக்கையைக் கண்டு மயங்குவதும் தவறு. ஒளி சிறு துவாரத்தின் வழியே செல்லும்போது சற்றே பரவுகிறது. இதனைப் பள்ளிப் பௌதிகத்தில் விளிம்பு விளைவு என்று கற்பிக்கிறோம். துவார எண் 2.8 உள்ள லென்ஸில் பச்சை ஒளியின் ஒரு புள்ளி, தகட்டின்மீது சுமார் 3.8 மைக்ரான் விட்டமுள்ள வட்டமாக விழும். அவ்வட்டத்தின் கீழ் 0.8 மைக்ரான் பிக்சல்களை நெருக்கி அடுக்கி, 48 மெகாபிக்சல் என்று அறிவிப்பதால் புதிய விவரம் அதிகம் கிடைத்துவிடாது. நெல்லை எத்தனை சிறிய படியால் அளந்தாலும் குவியல் பெரிதாவதில்லை.

எதற்கு எது?

பெல்லந்தூர் ஏரியை எடுத்துக்கொள்வோம். 2015-ம் ஆண்டில் அதன் நுரை நாடெங்கும் பேசப்பட்டது; 2017-லும் 2018-லும் ஏரிப் பரப்பில் தீ மூண்டது. இத்தகைய ஓர் ஏரியில் ஆகாயத்தாமரை எவ்வளவு பரவியுள்ளது, கழிவு நீர் எத்திசையிலிருந்து வருகிறது, சென்ற மாதத்தைவிட இம்மாதம் நிலை என்ன என்ற வினாக்களுக்குச் சிறிய ட்ரோனின் படமே போதுமானது. இங்கே ஒரு பிக்சலின் நுட்பத்தைவிட, அதே இடத்தில் அதே உயரத்தில் மாதந்தோறும் தவறாமல் எடுப்பதே முக்கியம். ஆண்டுக்கு ஒருமுறை வரும் சிறந்த படத்தைக் காட்டிலும், மாதம் ஒருமுறை வரும் சாதாரணப் படம் அதிகம் சொல்லும். வகுப்பறைக்கும் இதுவே பொருந்தும்.

நில எல்லையை வரைய வேண்டுமானால் நிலைமை வேறு. அங்கே படத்தின் அழகு பயன்படாது. ஒவ்வொரு பிக்சலும் தரையில் சரியான இடத்தில் அமர வேண்டும். எந்திர ஷட்டர், துல்லியமாக இடமறியும் கருவி, முன்னரே அளந்து குறித்த தரைப்புள்ளிகள் ஆகிய மூன்றும் அவசியம். இவற்றைச் சுமக்கும் ட்ரோன் இயல்பாகவே பெரிதாகிறது. சிறிய ட்ரோனின் படத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எல்லைத் தகராறில் தீர்ப்புக் கூறுவது அநீதியாகும்.

எனினும், பெரிய சாதனம் கையில் இருப்பதே துல்லியத்துக்கு உத்தரவாதம் என்று எண்ணிவிடக் கூடாது. 1802-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் ஓர் ஆதாரக் கோட்டை அளந்து, அதிலிருந்து முக்கோணங்களாக மேற்கே பெங்களூரு வரை கணக்கிட்டுச் சென்றார். அவரது தியோடலைட் கருவி அரை டன் எடையுள்ளது. ஆயினும் அவர் அதன் பெருமையை நம்பி நின்றுவிடவில்லை. 1804-ம் ஆண்டில் பெங்களூரு அருகே ஏழு மைல் நீளமுள்ள இன்னொரு கோடு நேரடியாக அளக்கப்பட்டு, கணக்கோடு ஒப்பிடப்பட்டது. வேறுபாடு சில அங்குலங்களே. அதே பெரிய கருவி 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலின்மேல் ஏற்றப்படும்போது கயிறு அறுந்து மோதிப் பழுதுற்றது. கருவி பழுதாகலாம், சரிபார்க்கும் வழக்கம் பழுதாகலாகாது.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, ஒவ்வோர் அலுவலகமும் ட்ரோன் வாங்குமுன் தனது வினாக்களை எழுதிப் பட்டியலிட வேண்டும். பத்தில் எட்டு வினாக்களுக்குச் சிறியது போதுமானால், அதையே வாங்கி, எல்லை வேலைக்கு மட்டும் தகுதியுள்ள நிலையத்தின் உதவியை நாடலாம். பெட்டிக்குள் உறங்கும் பெரிய ட்ரோனால் யாருக்கும் பயனில்லை.

இரண்டாவது, சட்டம். 2021-ம் ஆண்டு ட்ரோன் விதிகள், 250 கிராமுக்கு மேற்படாதவற்றை நானோ என்றும், 2 கிலோகிராம் வரை மைக்ரோ என்றும், 25 கிலோகிராம் வரை சிறியவை என்றும் வகுத்தன. நானோ ட்ரோனைச் செலுத்த உரிமம் தேவையில்லை என்பதால், எங்கும் பறக்கலாம் என்று பொருளாகாது. பெல்லந்தூர் ஏரி எச்.ஏ.எல். விமான நிலையத்துக்கு அருகில் உள்ளது. விமான நிலையத்தின் எல்லையிலிருந்து எட்டு கிலோமீட்டருக்குள் முன் அனுமதி இன்றிப் பறக்கலாகாது. ஆசிரியர்கள் மாணவர்களுக்குக் கற்பிக்க வேண்டிய முதற்பாடம் இதுவே.

மூன்றாவது, சோதனை. கையிலுள்ள ட்ரோனின் தரத்தை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. அனுமதி உள்ள இடத்தில் ஒரு பள்ளி மைதானம் போதும். ஆடவர் கபடி ஆடுகளம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. அதன் மூலைவிட்டம் 16.4 மீட்டர். அதைச் சுண்ணாம்பினால் கவனமாக வரைந்து, 60 மீட்டர் உயரத்திலிருந்து ட்ரோனை நிறுத்தி ஒரு படமும், பறக்கவிட்டு ஒரு படமும் எடுக்கவும். மூலைவிட்டங்கள் இரண்டையும் படத்தில் அளந்து ஒப்பிடவும். அவை சமமாக இல்லையேல் படம் கோணியிருக்கிறது என்று அறியலாம். பக்கத்தில் 2, 3, 5, 10 சென்டிமீட்டர் அகலமுள்ள கறுப்பு வெள்ளைப் பட்டைகளை விரித்து வைத்தால், எந்தப் பட்டை வரை பிரித்தறிய முடிகிறது என்பதும் விளங்கும். வெயிலில் ஒருமுறையும் நிழலில் ஒருமுறையும் இதைச் செய்ய வேண்டும். பித்தகோரஸ் தேற்றத்தை மாணவர்கள் இதைவிட நன்றாக மனத்திற்கொள்ள வேறு வழி இராது.

இச்சோதனையின் முடிவை எழுதி, ட்ரோன் பெட்டியின் மூடியில் ஒட்டி வைப்பது நலம். ‘இக்கருவி இவ்வளவே காணும்; இதற்கு மேல் இதை நம்பலாகாது’ என்று அதில் இருக்கட்டும். ஏழை ஒருவரின் வீட்டு எல்லையைப் படத்தில் காட்டிப் பேசும் நாளில், அந்தச் சிறு சீட்டு நம் கையில் இருந்தாக வேண்டும்.