பொய் ஜன்னலும் பெஸ் பாட்டியும்

போன தடவை ஆன்சைட் போயிருந்தப்போ, ஒரு சனிக்கிழமை டெர்பிஷயர்ல இருக்கற ஹார்ட்விக் ஹாலைப் பாக்கப் போனோம். வாசல்ல நின்னு அண்ணாந்து பாத்துட்டு ரூம்மேட் கேட்ட முதல் கேள்வி: "ஏண்டா, இவ்ளோ ஜன்னல் வெச்சா குளிராது?"

குளிரும். நல்லாவே குளிரும். இந்த வீட்டுக் கண்ணாடியைக் கிண்டலடிச்சு ஊர்ல ஒரு சொலவடையே உண்டு. அது கூடப் பரவாயில்லை, சில ஜன்னல்கள் டம்மி! வெளியில கண்ணாடி மின்னும். பின்னாடி கணப்பும் புகைபோக்கியும். முகப்பு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியணும், அவ்வளவுதான்.

"சுத்த பந்தா"ன்னு தீர்ப்பு சொல்லிட்டான் நண்பன்.

பந்தாதான், ஒத்துக்கறேன். ஆனா வெட்டி பந்தா இல்லைங்கறது என் கட்சி.

முதல்ல பொறியியல். ஜன்னல் கூடக் கூட வெளிச்சுவர் பலவீனமாகும். அதனால புகைபோக்கிகளை முடிஞ்சவரை உள்சுவர்களுக்குள்ள தள்ளிட்டாங்க. வடிவமைச்சவர் ராபர்ட் ஸ்மித்சன்னு சொல்றாங்க. மாடி ஏற ஏற கூரையும் ஜன்னலும் உயரமாகுது. கீழே வேலையாட்கள், நடுவுல குடும்பம், உச்சியில ராஜ மரியாதைக்கான கூடங்கள். வெளியில நின்னே எந்த மாடி யாருக்குன்னு சொல்லிடலாம்.

ரெண்டாவது, கட்டினது யாருங்கறது. பெஸ் ஆஃப் ஹார்ட்விக். இதே ஊர்ல, பெரிய வசதியில்லாத குடும்பத்துல பிறந்தவங்க. நாலு கல்யாணம். மனைவியோட சொத்து புருஷன் கையிலன்னு சட்டம் இருந்த காலம். நாலாவது கணவர், ஷ்ரூஸ்பரி பிரபு, 1590-ல இறந்தார். அதே வருஷம் இந்த வீட்டு வேலை ஆரம்பம், 1597-ல குடியேறிட்டாங்க. அப்போ வயசு எழுபதை ஒட்டி! கண்ணாடி விக்கிற விலைக்கு, சொந்தமா கண்ணாடிப் பட்டறையே வெச்சிருந்தாங்க.

மேலே ஆறு கோபுரம். ஒவ்வொண்ணுலயும் கல்லுல செதுக்கின 'ஈ.எஸ்.' எலிசபெத் ஷ்ரூஸ்பரி, அவங்க பேர்.

நாம ஸ்மித்சனைப் பாராட்டிட்டு, பெஸ்ஸை 'பணக்கார விதவை'ன்னு ஒரு வரியில தாண்டிடறோம். ப்ராஜெக்ட்ல வேலை பாத்தவங்களுக்குத் தெரியும், என்ன வேணும்னு தெளிவாத் தெரிஞ்ச கிளையண்ட் எவ்ளோ அபூர்வம்னு :-) தூரத்துல வர்றவன் கண்ணுல படணும், இது என் வீடுன்னு தெரியணும். அதுதான் அவங்க கேட்டது. அது இன்னிக்கும் வேலை செய்யுது.

குளிருக்குக் கம்பளி போத்திக்கலாம். நாப்பது வருஷம் அடுத்தவர் பேர்ல வாழ்ந்ததுக்கு எதைப் போத்திக்கறது?

நீங்க யார் கட்சி?