எது மோசமான ஒப்பந்தம்?

பாண்டியில் சென்னையின் எஃப்சி ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு மூணு விஷயத்தைத்தான் சுத்தும். பிளே ஆஃப் போவோமா, யாருக்குக் காயம், யாருக்குத் தண்டச் சம்பளம். நம்ம ஊருக்கு ஐ.எஸ்.எல். டீம் இல்லை, அதனால் ஈ.சி.ஆர். வழியே போனால் வரும் டீமைத் தத்தெடுத்துக்கொண்டோம் :)

காயத்தைப் பற்றிப் புலம்புவது நியாயம்தான். 2020-21 சீசனில் கேப்டன் கிரிவெல்லாரோ கணுக்காலில் அடிபட்டு வெளியேறினார். 20 ஆட்டத்தில் மொத்தமே 17 கோல், எட்டாவது இடம்.

ஆனால் நாம் யாருமே திட்டாத ஒப்பந்தம் ஒன்று உண்டு. அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பு 2010ல் போட்ட 15 வருஷ வணிக உரிமை ஒப்பந்தம். அதை நம்பித்தான் ஐ.எஸ்.எல்.லே ஓடியது. 2025 டிசம்பரோடு அது முடிந்தது. கூட்டமைப்பின் சட்டவிதி வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்ததால் புதுசு போட முடியவில்லை. ஜூலையிலேயே லீக்கை நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் சென்னையின் எஃப்சி தன் வேலைகளையே தற்காலிகமாக நிறுத்தியது. அந்த வருஷம் முடியும்வரை புது சீசனில் ஒரு ஆட்டம்கூட நடக்கவில்லை.

ஒரு வீரருடைய மோசமான ஒப்பந்தம் ரெண்டு வருஷத்தில் தீர்ந்துவிடும். இதுவோ எல்லா வீரர்களையும் ஒரே நேரத்தில் பெஞ்சில் உட்கார வைத்தது. முடியும் தேதி 15 வருஷம் முன்பே தெரிந்ததுதானே? நாமே பரீட்சைக்கு முந்தின ராத்திரியாவது புத்தகத்தைத் திறப்போம்!

இனி ஸ்ட்ரைக்கர் சம்பளத்தைக் கேட்கும் வாய், கூட்டமைப்பு எதில் கையெழுத்துப் போடுகிறது என்றும் கேட்கட்டும். என்ன சொல்றீங்க?