எதற்கு மேலதிகம்?

திரிபோஷா மாதந்தோறும் வழங்கப்படுகின்றது. ஆயினும் பிள்ளைகளின் நிறை ஏறக் காணோம். தாய்மார் அதனைக் குழந்தைக்கு ஊட்டாது வீட்டார் அனைவருக்கும் பகிர்ந்துவிடுவதே இதற்குக் காரணம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இக்குற்றச்சாட்டைக் கேளாதவர் இலர். தாய் சேய் நல நிலையத்து வாங்கிலே வரிசையாக அமர்ந்திருக்கும் பெண்களின் முகத்துக்கு நேரே அது கூறப்படுகின்றது. கருத்தரங்குகளிலே 'தாய்மாரின் அறியாமை' என்னும் கௌரவமான பெயரோடு அது மீண்டும் வருகின்றது. மாட்டுக்கு வைக்கின்றனர், கோழிக்குத் தூவுகின்றனர் என்று ஒருபடி மேலே செல்வோரும் உளர்.

பகிர்தல் நிகழவில்லை என்று வாதாட நான் முன்வரவில்லை. அது நிகழத்தான் செய்கின்றது. உலையில் அரிசி குறைந்த வீட்டிலே, மூத்த பிள்ளைகள் பார்த்திருக்க, ஒரு பிள்ளைக்கு மட்டும் மாவைக் குழைத்து ஊட்டிவிட்டுப் பொதியைக் கட்டி வைக்கக்கூடிய தாய் எத்தகையவளாக இருப்பாள் என்பதைக் குற்றஞ்சாட்டுவோர் எண்ணிப் பார்த்ததுண்டா?

கணக்கு எளியது. 750 கிராம் கொண்ட பொதிகள் இரண்டு ஒரு மாதத்துக்கு உரியன. நாளொன்றுக்கு 50 கிராம். சோளமும் சோயாவும் விற்றமின்களும் கனியுப்புகளும் சேர்ந்த அந்த 50 கிராம் மாவில் ஏறத்தாழ 200 கிலோகலோரி சக்தியும் 10 கிராம் புரதமும் உண்டு. தாய்ப்பாலுக்குப் புறம்பாக, ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 200 கிலோகலோரியும், ஒன்பது முதல் பதினொரு மாதக் குழந்தைக்கு 300 கிலோகலோரியும், ஒரு வயது நிறைந்து இரண்டு வயதை எட்டாத பிள்ளைக்கு 550 கிலோகலோரியும் உணவினின்று கிடைத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீடு. ஆகவே ஏழு மாதக் குழந்தைக்கு இப்பொதி ஏறக்குறைய முழுத் தேவையாகும். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கோ மூன்றில் ஒரு பங்கினும் சற்றே கூடியது. அதே 50 கிராமைத் தாயும் மூன்று பிள்ளைகளும் சமமாகப் பங்கிடின் தலைக்கு 12.5 கிராம், அதாவது 50 கிலோகலோரி. ஓரிரு பிஸ்கற்றின் பெறுமானம்.

இதனை நாம் 'மேலதிக உணவு' என்று வழங்குகின்றோம். மேலதிகம் என்பது ஏலவே உள்ளதொன்றின்மேல் வைக்கப்படுவது. கீழே ஒன்றும் இல்லாதவிடத்து எதன்மேல் வைப்பது? அங்கே அது சோற்றின் இடத்தையே நிரப்புகின்றது. காலைத் தேநீருக்குத் தொட்டுக்கொள்ளும் உருண்டையாகவும் இரவுப் பட்டினியைத் தணிக்கும் கூழாகவும் ஆகின்றது. பசித்திருப்பது வீடு, பொதி அளக்கப்பட்டதோ ஒரு பிள்ளைக்கு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பிழையைத் தாயின் தலையில் ஏற்றுவது நியாயமன்று.

அறியாமை என்ற வாதத்தை இன்னும் சற்று நெருங்கிப் பார்ப்போம். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுள் 82 சதவீதத்தினர் தாய்ப்பாலை மட்டுமே அருந்தினர். உலகின் பல செல்வ நாடுகள் எட்டாத அளவு இது. அதே ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்டோருள் 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியும், 15 சதவீதத்தினர் உயரத்துக்கேற்ற நிறையின்றி மெலிந்தும் காணப்பட்டனர். மலையகத் தோட்டங்களில் குன்றியோர் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர். மருத்துவமாது கூறிய அறிவுரையை ஆறு மாதம் வரை இத்துணை ஒழுங்காகக் கைக்கொண்ட தாய்மார் ஏழாம் மாதத்தில் திடீரென அறிவிலிகளாகிவிட்டனரா? தாய்ப்பாலைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. ஏழாம் மாதத்து உணவை வாங்கியாக வேண்டும். வேறுபாடு அவ்வளவே.

வரலாற்றையும் சிறிது நோக்குதல் தகும். 1942இல் யுத்தகாலத் தேவையாகத் தோன்றிய அரிசிப் பங்கீடு பின்னர் இந்நாட்டு ஏழைகளின் உரிமையாகவே வளர்ந்தது. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது எழுந்த ஹர்த்தால் ஒரு பிரதமரையே பதவி துறக்கச் செய்தது. திரிபோஷா கெயார் நிறுவனத்தின் துணையோடு 1973இல் தொடங்கியது. அமெரிக்கப் பொதுச் சட்டம் 480இன் கீழ் வந்த சோள, சோயா, பால் கலவையே அதன் முதற் பொருள். 1976இல்தான் உள்நாட்டுத் தானியத்தைக் கலந்து தயாரிக்கும் முறை ஏற்பட்டது. 1973, 1974 ஆகிய ஆண்டுகள் பங்கீடு சுருங்கிய, பாணுக்கு வரிசை நின்ற ஆண்டுகள் என்பதை மூத்தோர் அறிவர். (அக்காலத்திலேயே எமது வெங்காய, மிளகாய்ச் செய்கையாளர் இறக்குமதித் தடையால் செழித்தனர், அவர்தம் தோட்டத்திலே கூலிக்கு நின்றவர் செழித்தனரா என்பதை 'பொற்காலம்' பேசுவோர் கூறுவதில்லை.) 1978இல் பங்கீடு குறைந்த வருமானத்தினருக்கு மட்டுமென வரையறுக்கப்பட்டது, 1979 செப்டெம்பரில் அது நீங்கி உணவு முத்திரை வந்தது. முத்திரையின் பெறுமதி ரூபாயில் நிலையாக நின்றது, விலைகள் ஏறின. சில ஆண்டுகளுக்குள் அதன் வாங்கும் வலு ஏறத்தாழ அரைவாசியாயிற்று.

பொதுப் பங்கீட்டைக் குறைப்பதற்காகவே பொதியைத் தந்தனர் என்று நான் கூறவில்லை. அவ்வாறான சூழ்ச்சி எதற்கும் சான்றில்லை. எனினும் வீட்டுக்கு உரித்தாயிருந்த உணவு சுருங்கிய அதே காலத்தில், தராசிலே தோற்ற பிள்ளைக்கு மட்டும் உரித்தான மா நிலைபெற்றது என்பது மறுக்கவொண்ணாத உண்மை. தராசில் தோற்றல் வேண்டும் என்பதையும் கவனிக்க. வளர்ச்சிப் பதிவேட்டிலே பிள்ளையின் கோடு கீழே இறங்கினால் பொதி வரும். கோடு நிமிர்ந்தால் பொதி நிற்கும். நிறை கூடியதைக் கண்டு ஒரு தாய் மகிழவும் வேண்டும், அடுத்த மாதம் பொதி இல்லையே என்று அஞ்சவும் வேண்டும். இத்தகையதொரு விதியை வகுத்துவிட்டு 'ஒத்துழைப்புப் போதாது' என்று அறிக்கை எழுதுகின்றோம்.

2022ஆம் ஆண்டு இவ்வமைப்பின் உட்பலவீனம் முழுவதும் வெளிப்பட்டது. இரசாயன உரத்துக்கு 2021இல் விதிக்கப்பட்ட தடையின் பின் சோள விளைச்சல் வீழ்ந்தது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குரிய உணவில் அஃப்லாரொக்சின் என்னும் பூஞ்சண நச்சு கிலோவொன்றுக்கு ஒரு மைக்கிரோகிராமை விஞ்சலாகாது. அத்தரத்துச் சோளம் கிடைக்காமையால் அவ்வயதினருக்கான திரிபோஷா உற்பத்தி நின்றது. நன்கு உலர்த்தப்படாத தானியத்தில் வளரும் பூஞ்சணத்தின் நச்சு அது, ஈரலைக் கெடுப்பது. தரத்தைக் காத்தமை சரியே. ஆயினும் அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியிருந்தது. 2015இல் கர்ப்பிணித் தாய்மாருக்கென மாதம் 2,000 ரூபா வீதம் பத்து மாதங்களுக்கு ஏற்பாடு செய்யப்பட்ட உணவுக் கொடுப்பனவும், 1979இன் முத்திரை போலவே, விலையின் முன் கரைந்து நின்றது. வீட்டின் சோறு குறைந்த ஆண்டிலேயே குழந்தையின் மாவும் இல்லாதொழிந்தது. ஒரே தொழிற்சாலை, ஒரே தானியம், ஒரே பொதி என்று கட்டிய கட்டடம் வேறெவ்வாறு நிற்கும்?

இவ்விடத்தே எம்மவருள் ஒரு சாரார் எழுந்து, 'நமது பாட்டிமாரின் சத்துமா இருக்க இப்பொதி எதற்கு?' என்பர். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்திலே பால்மா கிடைத்தற்கரிதாயிருந்தபோது சிவப்பரிசியும் உளுந்தும் பயறும் குரக்கனும் வறுத்திடித்துப் பிள்ளை வளர்த்தோம் என்ற பெருமிதம் பொய்யன்று. குரக்கனிலுள்ள கல்சியம் அரிசியிலுள்ளதைப் போன்று பல மடங்கு. முளைக்கவிட்டு உலர்த்தி அரைத்தால் கூழ் இளகி, சிறு வயிறு கொள்ளும் அளவினுள்ளே கூடிய சக்தியைத் தரும். ஆனால் உளுந்தும் பயறும் கடையிலே என்ன விலை என்பதைப் பெருமிதம் கேட்பதில்லை. அன்றியும், தானியமும் பருப்பும் மட்டுமே சேர்ந்த எந்த மாவாயினும், பாட்டியின் உரலிலிருந்து வரினும் தொழிற்சாலையிலிருந்து வரினும், இரும்பையும் நாகத்தையும் உடல் ஏற்கவொட்டாது தடுக்கும் பைற்றேற்று அதில் உண்டு. குழந்தைக்கு மீனும் முட்டையும் வேண்டும். முப்புறமும் கடல் சூழ்ந்த குடாநாட்டிலே சூடையும் நெத்தலியும் குழந்தையின் கோப்பைக்கு வராதது ஏன்? நண்டும் இறாலும் ஏற்றுமதியாகின்றன. எஞ்சிய மீனும் கடனுக்காக விற்கப்படுகின்றது. இந்திய இழுவைப் படகுகள் அறுத்துச் சென்ற வலைக்கும் கடனே வாங்கல் வேண்டும். சத்துமா நல்லதே. அதனை வறுமைக்கு மருந்தென விற்கும் பண்பாட்டுப் பெருமிதத்தையே நான் மறுக்கின்றேன்.

மா எதுவாயினும் அதைக் கரைப்பது தண்ணீர். இதைப் பற்றி நாம் பேச விரும்புவதில்லை. பேசினால் எம்மைப் பற்றியே பேச நேரும்.

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கற் பாறையினுள்ளே தேங்கிய மழைநீரே எமது கிணற்று நீர். பாறை வெடிப்பும் துவாரமும் உடையது. மேலே இட்டது கீழே இறங்கும். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இட்ட உரத்தின் நைத்திரேற்று, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைக் கடந்து வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் காணப்பட்டுள்ளது. புட்டிப்பால் குடிக்கும் குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை அது குறைக்கவல்லது. மலக்குழியின் கிருமியும் அதே வழியாக இறங்குகின்றது. விசாலமான வளவுடையவன் கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே தூரம் விடுவான். இரண்டு பரப்புக்கும் குறைந்த துண்டிலே மூன்று குடும்பம் நெருங்கி வாழுமிடத்தில் அத்தூரத்துக்கு எங்கே போவது?

அந்நெருக்கம் தானாக வந்ததன்று. நிலமும் கிணறும் யாரிடம் இருந்தன, யார் வாளியைத் தொடலாகாது, யார் குடத்தோடு வேலியோரம் நின்று அள்ளி ஊற்றுவார் வரும்வரை காத்திருந்தனர் என்பதெல்லாம் இச்சஞ்சிகையின் வாசகருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கே. டானியல் 'தண்ணீர்' என்றே ஒரு நாவலுக்குப் பெயரிட்டார். தீண்டாமைக்கெதிரான சட்டம் 1957இல் வந்தது; நிலம் கைமாறவில்லை. வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்கு ஊட்டிய மா உடலில் தங்காது; மீண்டும் மீண்டும் கிருமி புகுந்த குடல், வெளியே நோய் தெரியாத நாளிலும், சத்தைச் சரிவர உறிஞ்சாது. 'திரிபோஷா கொடுத்தும் நிறை ஏறவில்லை' என்ற அறிக்கையிலே அந்த வீட்டின் கிணறு எங்கேயுள்ளது என்ற நிரல் கிடையாது.

எதிர்த்தரப்பாரிடம் ஒரு வலுவான சான்று உண்டு. அதனை மறைப்பது அறமன்று. வங்காளதேசக் கிராமங்களில் நடந்து 2018இல் வெளியான பேராய்வில், நீரைத் தூய்மையாக்கல், மலசலகூடம், கைகழுவல் ஆகியவை குழந்தைகளின் உயரத்தைக் கூட்டவில்லை; மேலதிக உணவே சிறிதளவு கூட்டியது. ஆகவே தண்ணீர்ப் பேச்சு வீண் என்று முடிக்கலாமா? அங்கே கொடுக்கப்பட்டது குளோரின் வில்லையும் வீட்டுக்கொரு கழிகூடமுமே. ஊரின் நிலமும் நீரும் முன்போலவே இருந்தன. சிறு திருத்தம் போதாது என்பதற்கே நான் அதைச் சான்றாகக் கொள்கின்றேன். உணவு பயன்தந்தது என்ற முடிவையும் மனமார ஏற்கின்றேன். பொதியை நிறுத்து என்று எழுத எனக்கு எண்ணமில்லை.

உண்மையில் உணவு பயன்தரும் என்பதற்குக் குவாத்தமாலாவை விடச் சிறந்த சான்றில்லை. அங்கே 1969 முதல் 1977 வரை நான்கு கிராமங்களில் நடந்த ஆய்வில், புரதஞ் சேர்ந்த 'அத்தோலே' என்னும் கூழை இரண்டு வயதுக்கு முன் பெற்ற ஆண் குழந்தைகள், வளர்ந்தபின் மணித்தியாலக் கூலியாக மற்றையோரைவிட 46 சதவீதம் கூடுதலாக ஈட்டினர் என்று 2008இல் கண்டனர். இதில் எம்மவர் கவனியாத செய்தி ஒன்றுண்டு. அக்கூழ் ஊரின் நடுவே ஒரு நிலையத்தில் நாளுக்கு இருமுறை, வந்தவர் எவராயினும் வேண்டிய அளவு குடிக்குமாறு வைக்கப்பட்டது. எவரும் மெலிவை நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. இலவச மருத்துவமும் உடனிருந்தது.

தமிழ்நாட்டிலே 1980இல் தொடங்கிய ஒருங்கிணைந்த போசணைத் திட்டம் ஆறு முதல் முப்பத்தாறு மாதப் பிள்ளைகளை மாதந்தோறும் நிறுத்து, வளர்ச்சி தளர்ந்தவருக்கு நிலையத்திலேயே உருண்டை ஊட்டியது. அதுவும் தெரிந்தெடுத்து வழங்கியதே. ஆனால் ஊட்டுவதற்கு ஊரிலே சம்பளம் பெற்ற ஒரு பெண் இருந்தாள். எமது திட்டத்திலே ஊட்டுபவர் யார்? காலை ஆறு மணிக்கு வெங்காயம் பிடுங்கப் போய் உச்சி வெயிலில் திரும்பும் தாய். அவள் வரும்வரை பேரப்பிள்ளையை மடியில் வைத்திருக்கும் கிழவி. குழந்தைக்கு நாளுக்கு மூன்று நான்கு முறை சிறிது சிறிதாக ஊட்டுக என்கிறது அறிவுரை. அரச ஊழியருக்குச் சம்பளத்தோடு 84 நாள் பிரசவ விடுமுறை உண்டு. நாட்கூலிக்குப் போகும் பெண்ணுக்கு ஒரு நாளேனும் கிடையாது. நுண்கடன் வசூலிப்பவர் கிழமைதோறும் படலைக்கு வருகின்றார்.

ஆகவே எனது கோரிக்கைகள் இவை. வறிய கிராமங்களில் இரண்டு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும், தராசைக் கேளாது, உணவு வழங்கல் வேண்டும். அதன் ஒரு பகுதி நிலையத்திலேயே சமைத்து ஊட்டப்படல் வேண்டும். வாரத்துக்கு மூன்று நாளேனும் உள்ளூர் மீனோ முட்டையோ அதில் இருத்தல் வேண்டும். ஊட்டுபவருக்குச் சம்பளம் வேண்டும். அறுவடைக் காலத்தில் தோட்டத்தருகே பிள்ளைக் காப்பகம் வேண்டும். அதன் செலவில் தோட்ட உரிமையாளர் பங்கேற்றல் வேண்டும். குடும்பக் கொடுப்பனவு விலைச் சுட்டெண்ணோடு ஏறல் வேண்டும். மாவின் ஒவ்வொரு தொகுதிக்குமான நச்சுப் பரிசோதனை முடிவு நிலையத்துச் சுவரிலே தமிழில் ஒட்டப்படல் வேண்டும்.

மருத்துவ பீடம் 1978 முதல் எம்மிடையே உண்டு. விஞ்ஞான பீடத்திலே நீரைப் பகுத்தாராய ஆய்வுகூடமும் உண்டு. திருநெல்வேலியிலிருந்து துவிச்சக்கர வண்டியில் அரைமணி நேரத்துள் சென்று சேரக்கூடிய கிராமங்களில் திரிபோஷா பெறும் வீடுகளின் கிணறுகளை, இவ்வாண்டு மாரி தொடங்குமுன் ஒரு முறையும் மாரியின் பின் ஒரு முறையும் சோதித்து, ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர் அந்தப் பொதியை உண்கின்றனர் என்பதையும் எழுதிக்கொண்டு வருவதற்கு மாணவர் இருபது பேர் போதும்.