புது விண்டோஸ் போடும் முன்பு ஒரு நாள்

எங்கள் தளவாய்புரத்தில் டிடிபி கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் போன மாதம் புது கம்ப்யூட்டர் வாங்கினார். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டதே! "பதினொன்னு போட்டாச்சு தம்பி, எல்லாம் ஓடுது" என்றார். மறுநாள் பழைய கல்யாணப் பத்திரிகை ஃபைலைத் திறந்தால், மணமகன் பெயர் இருந்த இடத்தில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். முகூர்த்தத்துக்கு எட்டே நாள்!

புரோகிராம் திறப்பது வேறு, வேலை நடப்பது வேறு என்பதே என் கருத்து. தமிழில் வேலை செய்பவர்களுக்கு இது இரட்டிப்பு உண்மை. யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருக்கள், ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தை வரைந்து வைத்தவை. அந்த எழுத்துரு புது கம்ப்யூட்டரில் இல்லையென்றால் தமிழும் இல்லை. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமாக அறிவித்தது. ஆனால் அதற்கு முன் அடித்த ஃபைல்கள் தானாக மாறிவிடுமா என்ன?

யூனிகோடிலும் சிக்கல் உண்டு. விண்டோஸ் 10-இலிருந்து லதா எழுத்துரு தனியாகச் சேர்க்க வேண்டிய ஒன்றாகிவிட்டது. அது இல்லாவிட்டால் வேறு எழுத்துரு வந்து உட்காரும், வரிகள் நகரும், ஒரு பக்கம் இரண்டாகும். விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது. 64-பிட் விண்டோஸில் பழைய 16-பிட் புரோகிராம்கள் ஓடாது. டாஸ் காலத்து பில் புரோகிராமை இன்னும் நம்பியிருக்கும் கடைகள் கவனிக்கவும்.

2014 ஏப்ரல் 8-இல் எக்ஸ்பி ஆதரவு நின்றபோது, தமிழ்நாடு அரசு தன் துறைகளுக்கு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸைப் பரிந்துரைத்தது. விண்டோஸோ லினக்ஸோ, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நேற்று செய்த வேலையை நாளையும் செய்ய முடியுமா?

அதற்கு ஒரு நாள் போதும் நண்பர்களே. தினமும் தொடும் புரோகிராம்கள், எழுத்துருக்கள், கீபோர்டு, பிரிண்டர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். புது கம்ப்யூட்டரில் மிகப் பழைய ஃபைல் ஒன்றைத் திறந்து, ஒரு வார்த்தை திருத்தி, சேமித்து, பிரிண்ட் எடுத்துப் பழைய தாளோடு ஒப்பிடுங்கள். அதுவரை பழைய கம்ப்யூட்டரை விற்காதீர்கள்.

அண்ணன் பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்திருந்தார். அந்தப் பத்திரிகையை ராத்திரி முழுக்க உட்கார்ந்து மறுபடி டைப் அடித்தார். புது கம்ப்யூட்டரின் விலையில் அந்த ராத்திரியையும் சேர்க்க வேண்டாமா?